குடும்பக் குழுவில் நேற்றிரவு: கியூபெக் வழக்கு

*குட்டி:* மாமா, நித்திரையா? நாளைக்கு வகுப்பில் 1998 கியூபெக் பிரிவினை வழக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

*மொன்றியல் மாமா:* முழிப்புத்தான். அதைச் சொல்வதென்றால் 1995 அக்டோபர் 30இல் தொடங்க வேண்டும். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் தனிநாடாவதா என்று அன்று வாக்கெடுப்பு. குடியுரிமை கிடைத்து நான் போட்ட முதல் வாக்கு அது. நூறு பேரில் 93 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். வெறும் 54,288 வாக்கில் ‘வேண்டாம்’ வென்றது.

*மொன்றியல் மாமா:* அன்றிரவே பிரிவினை கேட்ட கியூபெக் முதல்வர் பரிசோ மேடையில் ஏறி, காசாலும் இனக்குழு வாக்குகளாலும்தான் தோற்றோம் என்றார். அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களைத்தானே சொல்கிறார்!

*சின்னக்கா:* பிறகு உச்ச நீதிமன்றம் பிரிய முடியாது என்று சொல்லிவிட்டதுதானே?

*மொன்றியல் மாமா:* அது பாதிக் கதை பிள்ளை. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது இது: கியூபெக் தன்பாட்டில் பிரிய உரிமை இல்லை. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ‘ஆம்’ என்றால், மற்ற மாகாணங்களும் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசும் பேச வந்தே ஆக வேண்டும். அது அவர்களுடைய கடமை.

*குட்டி:* 95இல் கேள்வி தெளிவாக இல்லையா?

*மொன்றியல் மாமா:* இறைமை, கனடாவோடு புதிய கூட்டு, அதற்கு ஒரு மசோதா, ஜூன் 12இல் கையெழுத்தான ஒப்பந்தம், எல்லாம் ஒரே வாக்கியத்தில். சீட்டைக் கையில் வைத்து இரண்டு தரம் வாசித்தேன்.

*மொன்றியல் மாமா:* தீர்ப்பின் அடிப்படை நான்கு: கூட்டாட்சி, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் பாதுகாப்பு. நாலாவதை வாசித்தபோதுதான் அந்த இரவின் காயம் கொஞ்சம் ஆறியது. கனடாவுக்குள் கியூபெக் ஒரு சிறுபான்மைத் தேசம், அதற்குள் நாங்களும் இருக்கிறோம்.

*சின்னக்கா:* ஸ்பெயினில் ஏன் இப்படி நடக்கவில்லை?

*குட்டி:* கத்தலோனியாவின் தன்னாட்சிச் சட்டத்துக்கு மக்கள் 2006இல் வாக்கெடுப்பில் சம்மதம் கொடுத்தார்கள் அக்கா. 2010 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதில் 14 பிரிவுகளில் கைவைத்தது. முகவுரையில் ‘தேசம்’ என்றிருந்ததற்குச் சட்ட வலு இல்லை என்றது. அடுத்த மாதமே பார்சலோனாத் தெருக்கள் நிறைந்துவிட்டன.

*மொன்றியல் மாமா:* மக்கள் ஒப்புக்கொண்டதை வெட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்? இங்கே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் மூவர் கியூபெக்கில் இருந்து வர வேண்டும் என்பது சட்டம். 2014இல் அரசு அந்த இடத்துக்குப் போட்ட ஒருவருக்குத் தகுதி இல்லை என்று அந்த நீதிமன்றமே நியமனத்தை ரத்துச் செய்தது. அப்படிப்பட்ட இடத்தில் தோற்றாலும் ஆட்கள் கேட்பார்கள்.

*சின்னக்கா:* தெளிவான பெரும்பான்மை என்றால் எத்தனை வீதம் மாமா?

*மொன்றியல் மாமா:* நீதிமன்றம் எண் சொல்லவில்லை. அது அரசியல்வாதிகளின் வேலை என்று விட்டது. இதற்கென்றே 2000இல் கனடா நாடாளுமன்றம் கொண்டுவந்த தெளிவுச் சட்டத்திலும் எண் இல்லை.

*குட்டி:* சரி, வகுப்பில் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். படுங்கள் மாமா.