செலக்டிவ் கலர்: ‘தேர்நிறம்’ சரிதானா?

நண்பர்களே,
ஒளிப்படச் சொற்பட்டியலில் ‘செலக்டிவ் கலர்’ என்பதற்குத் ‘தேர்நிறம்’ என்று போட்டிருக்கிறோம். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, ஓரிடம் மட்டும் வண்ணம் என்ற உத்திக்கு இது பொருந்துமா? இத்தாலியில் மாந்துவா அருகே கிராட்சியே ஊரின் தரையோவியர் விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1973 முதல் நடப்பது. ஆகஸ்ட் நடுவில், மாதா கோயிலுக்கு முன்னால் தார்த்தரையில் மண்டியிட்டுச் சாக்பீஸால் வரைவார்கள். அதை எடுத்த ஒளிப்படத்தில் ஓவியம் மட்டும் வண்ணத்தில், ஆளும் தரையும் சாம்பலில். அந்தப் படத்தை என்னவென்று சொல்வது?

> தேர்நிறம்

கோயில் தேருக்கு அடித்த பெயின்ட் என்று படிப்பார்கள். அது போகட்டும். ஃபோட்டோஷாப்பில் இதே ஆங்கிலப் பெயரில் வேறொரு கருவி இருக்கிறது. சிவப்பு, மஞ்சள் முதலான 9 பிரிவுகளில் அச்சு மையின் அளவைக் கூட்டிக் குறைப்பது. கறுப்பு வெள்ளைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ‘தேர்நிறம்’ வேண்டுமானால் அதற்குப் போகட்டும்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். ரா கோப்பாக (கேமரா பதிந்த தகவல் குறையாத கோப்பு) எடுத்த வண்ணப்படத்தின் மேல் ஒரு கறுப்பு வெள்ளை அட்ஜஸ்ட்மென்ட் லேயர், அதாவது கீழுள்ள படத்தை அழிக்காமல் தோற்றத்தை மாற்றும் அடுக்கு. அந்த அடுக்கு எங்கே செயல்படவேண்டும் என்று குறிக்கும் மாஸ்க்கில் ஓவியம் இருக்கும் இடத்தைக் கறுப்புத் தூரிகையால் தேய்த்தால் கீழிருக்கும் வண்ணம் தெரியும். நாம் நிறத்தைச் சேர்க்கவில்லை. மற்ற இடங்களில் நீக்குகிறோம், இங்கே எஞ்சுகிறது. ஆகவே ‘எஞ்சுநிறம்’ என்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. ‘நிறத்தை எஞ்சவிடு’ என்று வினையாகவும் புழங்கும். ‘நிற எச்சம்’ மட்டும் வேண்டாம், காக்கை நினைவுக்கு வரும்.

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் மற்ற நிறங்களின் செறிவை −100க்கு இறக்குவது குறுக்குவழி. தரையோவியத்தில் அது கெடும். தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டைக்குள் விழுகிறது. காவிச் சாக்பீஸை விட்டுவைத்தால் ஓவியரின் கையும் முகமும் சேர்ந்தே வண்ணமாக நிற்கும். மாஸ்க்தான் வழி. விளிம்பைத் திரையில் 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்து, 1 அல்லது 2 பிக்சல் மட்டும் மென்மையாக்குங்கள். அதற்கு மேல் போனால் விரலைச் சுற்றி வண்ண வளையம் வரும். விரலில் ஒட்டிய பொடிக்கு மாஸ்க்கைப் பாதியளவே தேய்த்தால் போதும். முழுதாகத் தேய்த்தால் கையுறை போட்டதுபோல் தெரியும்.

> நிறம் எஞ்சுகிறது

ஐயா, ஒரு தடை. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டுவது பழைய ஸ்டூடியோ வழக்கம். பார்வைக்கு அதுவும் இப்படித்தானே? அங்கே நிறம் சேர்கிறது, எஞ்சவில்லை.

> அங்கே நிறம் சேர்கிறது

அதனாலேயே அதற்கு வேறு சொல் வேண்டும். ‘வண்ணம் தீட்டிய படம்’ என்று முன்பே சொல்கிறோம். பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் செய்முறையும் ஒன்றாகிவிடாது. கேமராக்களில் ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைக்கும் ‘பார்ஷியல் கலர்’ முறைக்கு எஞ்சுநிறம் தடையின்றிப் பொருந்தும். ஆனால் அங்கே சேமிப்பது பெரும்பாலும் ஜேபெக், அதாவது மாற்றம் முடிந்த சுருக்கிய கோப்பு. போன நிறம் திரும்பாது, தோல் சிக்கலும் அப்படியே இருக்கும்.

> எஞ்சுநிறம்

எனக்குச் சம்மதம். பட்டியலில் ‘எஞ்சுநிறப் படம்’, ‘எஞ்சுநிற முறை’ இரண்டையும் ஏற்றுகிறேன். விளிம்பில் வரும் அந்த வளையத்துக்கு ‘நிறக்கசிவு’ போதுமா? துணி சாயம் போவதற்கும் அதையே சொல்கிறோமே.