ஏஎன்ஏ நெகட்டிவ், எஸ்எஸ்ஏ பாசிட்டிவ்: ஷோகிரன் நோய் உண்டா, இல்லையா?

கேள்வி:
என் தாயாருக்கு வயது 54. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தலும், தண்ணீர் இல்லாமல் சோற்றை விழுங்க முடியாத அளவுக்கு வாய் வறட்சியும் நெடுநாளாக இருக்கின்றன. உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயாக இருக்குமோ என்று பரிசோதித்தோம். செல் கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை நெகட்டிவ். ஆனால் எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாகப் பார்க்கும் பரிசோதனையில் இந்நோயோடு தொடர்புடைய இரு எதிர்ப்பொருள்களில் எஸ்எஸ்ஏ பாசிட்டிவ், எஸ்எஸ்பி நெகட்டிவ். இவற்றில் எதை நம்புவது? குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கும் என் தங்கைக்கு இதனால் பாதிப்பு வருமா?

பதில் 1:
இரண்டு முடிவுகளும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். ஏஎன்ஏ பரிசோதனையில், ஹெப்-2 என்னும் வளர்ப்புச் செல்களின் மீது நோயாளியின் சீரத்தை இட்டு, ஒளிர்வு தோன்றுகிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அச்செல்களைப் பதப்படுத்தும்போது எஸ்எஸ்ஏ எனப்படும் ரோ புரதம் குறைந்துவிடக்கூடும் என்பதால், அதற்கெதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தும் சிலருக்கு ஏஎன்ஏ நெகட்டிவ் என்றே வருகிறது. வறட்சி இவ்வளவு தெளிவாக இருக்கையில் அந்த ஒரு தாளை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டுவது சரியன்று.

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் ஷோகிரன் நோயை வகைப்படுத்த 2016இல் வெளியிட்ட அளவுகோலின்படி எஸ்எஸ்ஏ பாசிட்டிவுக்கு 3 புள்ளிகள், தேவையானவை 4. கண்ணீரை அளக்க இமையோரம் வைக்கும் ஷிர்மர் தாள் ஒரு கண்ணிலாவது 5 நிமிடத்தில் 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக நனைந்தாலோ, தூண்டுதலின்றிச் சுரக்கும் உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.1 மி.லி.யைத் தாண்டாவிட்டாலோ மீதிப் புள்ளி கிடைத்துவிடும். எஸ்எஸ்பிக்கு இதில் புள்ளியே இல்லை. அது நெகட்டிவாக இருப்பதை எண்ணிக் கவலைப்படவும் வேண்டாம், ஆறுதல் அடையவும் வேண்டாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எஸ்எஸ்ஏ பாசிட்டிவ் என்பது அதன் இரு வகைகளான ரோ60-ஆ, ரோ52-ஆ என்று ஆய்வகத்தில் அவசியம் கேளுங்கள். ரோ52 மட்டும் தனியாக வந்தால், தசையழற்சி, தோல் இறுக்க நோய் போன்றவற்றிலும் அது காணப்படுவதால், மருத்துவர் தசையையும் நுரையீரலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஹெபடைடிஸ் சி தொற்றும் இதே வறட்சியைத் தரும். அதை விலக்காமல் அளவுகோலைப் பொருத்தக் கூடாது. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளும் வறட்சியைத் தரலாம் என்பதால், அவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எஸ்எஸ்ஏ நெகட்டிவாக இருப்பவர்களுக்குத்தான் உதட்டின் உட்புறச் சிறு சுரப்பிகளில் பயாப்சி பெரும்பாலும் தேவைப்படுகிறது.

பதில் 3:
தங்கையைப் பற்றி: கருவைச் சுமப்பவரின் உடலில் உள்ள ரோ எதிர்ப்பொருள்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடையும், பாட்டியின் இரத்தத்தில் இருப்பது பேரக்குழந்தையைத் தொடாது. தங்கைக்கே அது இருந்தால், ஏறத்தாழ நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் சிசுவின் இதயத்தில் துடிப்புக்கான மின்தூண்டல் கடத்தப்படுவதில் தடை ஏற்படக்கூடும். குடும்பத்தில் தன்னுடல் தாக்குநோய் இருப்பதால், அவருக்கும் வறட்சியோ மூட்டுவலியோ இருக்குமானால், கருத்தரிக்கும் முன்பே இப்பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.