நாணயமா, காசா? ‘விர்ச்சுவல் கரன்சி’க்கு ஒரு சொல்

வணக்கம்.

பிட்காயின் போல கணினியில் மட்டும் புழங்குகிற, கிரிப்டோ என்றும் சொல்கிற ‘விர்ச்சுவல் கரன்சி’க்குத் தமிழில் ‘மெய்நிகர் நாணயம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் கலைச்சொல் குழுவில் அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். ‘மெய்நிகர்’ சரி, அதில் எனக்கு வழக்கில்லை. ‘நாணயம்’தான் உறுத்துகிறது.

2017 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் மூன்றாவது முறையாக எச்சரித்தது. நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் ஒட்டுவதற்கு அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். ‘மெய்நிகர் நாணயம் வாங்குவோர் கவனத்துக்கு’ என்று ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்துத் தலைப்பு. வெல்லமண்டிக்காரர் ஒருவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “நாணயம்னா கவர்மென்ட் அடிச்சதுதானே சார்? அப்புறம் எதுக்கு ஜாக்கிரதைன்னு போட்டிருக்கீங்க?”

நான் எழுதிய எச்சரிக்கையே அதற்கு நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தது! நேர்மையானவரை ‘நாணயஸ்தர்’ என்கிற ஊரில் வேறெப்படிப் படிப்பார்கள்?

வங்கியின் சமூகப் பொறுப்பு என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு, அவர் கை வைக்கப்போவது என்ன என்று விளங்கச் சொல்வது அதற்கு முந்திய பொறுப்பு. வங்கி ஒதுங்கிக்கொண்டால் மட்டும் போதாது. நைஜீரியாவில் 2021 பிப்ரவரியில் கிரிப்டோ வாங்கி விற்பவர்களின் கணக்குகளை மூடும்படி வங்கிகளுக்குச் சொன்னது அந்நாட்டு மத்திய வங்கி. மக்கள் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்று வாங்கத் தொடங்கினார்கள். 2023 டிசம்பரில் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

நம் சட்டமே இந்தப் பெயரில் தடுமாறியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் சுற்றறிக்கையில் ‘கரன்சி’ என்று சொல்லித்தான் வங்கிகளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நிதிச் சட்டம் ‘கரன்சி’யை விட்டுவிட்டு, ‘சொத்து’ என்று பெயரிட்டு 30 விழுக்காடு வரி போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாய் சோதனை முறையில் பொதுமக்களிடம் வந்தது. அதை நாணயம் என்றால் தகும். பிட்காயினையும் அதே சொல்லால் சொல்லிவிட்டு, இது வேறு அது வேறு என்று வாடிக்கையாளரிடம் எப்படி விளக்குவது?

‘மெய்நிகர் பணயம்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் குறும்பு செய்தார். சிரித்தேன். ஆனால் கலைச்சொல் தீர்ப்பெழுதக் கூடாது.

என் பரிந்துரை ‘மெய்நிகர் காசு’. காசுக்கு அரசு முத்திரை கட்டாயமில்லை. செல்லும் காசும் உண்டு, செல்லாக்காசும் உண்டு. அந்த வேறுபாட்டைத் தமிழ் எப்போதோ செய்துவைத்துவிட்டது. காசுமாலையில் கோத்த காசைக் கொடுத்துக் கடையில் பருப்பு வாங்க முடியாது, ஆனாலும் அது சொத்துதான். 2022 சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தானே!

‘காசு என்றால் சில்லறைத்தனமாக இருக்கிறது’ என்று குழுவில் யாராவது சொல்லக்கூடும். இருக்கட்டுமே. ‘காசு பணம்’ என்று சேர்த்துப் பேசும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

இதற்கு ஒப்புதல் என்றால் அடுத்தது ‘ஸ்டேபிள்காயின்’, அதாவது மதிப்பு ஏறி இறங்காமல் இருக்க டாலர் போன்றவற்றோடு கட்டிப்போட்ட கிரிப்டோ. ‘நிலைக்காசு’ என்று எழுதிப் பார்த்தேன். டாலரோடு கட்டிப்போட்டது என்ற பொருள் அதில் வரவில்லை. ‘பிணைக்காசு’ சரிவருமா?