அத்தையின் 65ஆம் பிறந்தநாள்: குடும்பக் குழுவில்

தம்பி: அத்தையின் பிறந்தநாளுக்கு நியூயார்க்கில் நாடகம் பார்க்க டிக்கெட் எடுக்கப் போகிறேன். 47ஆவது தெரு, லீனா ஹார்ன் தியேட்டர். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

சித்தி: லீனா ஹார்ன் யார்?

அக்கா: பெரியப்பா இருக்கும் குழுவில் இதைக் கேட்கலாமா சித்தி!

பெரியப்பா: கேட்டது நல்லதே. 1917இல் புரூக்ளினில் பிறந்து, 16 வயதில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் ஆடத் தொடங்கிய ஜாஸ் பாடகி அவர். மேடையில் கறுப்பினத்தவர், மேசைகளில் வெள்ளையர் என்பதே அந்த விடுதியின் வழக்கம். 1942இல் ஹாலிவுட் பட நிறுவனமான எம்.ஜி.எம். அவரை ஒப்பந்தம் செய்த சமயத்தில் அவருடைய அப்பா ஸ்டுடியோ தலைவர் மேயரை நேரில் பார்த்து, தன் மகளுக்கு வேலைக்காரி வைக்கத் தன்னால் முடியும், அவள் படத்தில் வேலைக்காரியாக நடிக்க வேண்டியதில்லை என்று சொன்னாராம்.

அத்தை: நம் அப்பாவும்தான் வானொலி நிலையம் வரை வந்தார், என்னைத் திரும்ப அழைத்துப் போக.

பெரியப்பா: அந்தக் கதை இப்போது எதற்கு அம்மா?

அத்தை: அப்பா பேச்சை எடுத்தது நீங்கள்தான் அண்ணா.

சித்தி: பிறகு நல்ல வேடம் கிடைத்ததா?

பெரியப்பா: 1943இல் கறுப்பினக் கலைஞர்களே நடித்த இரண்டு படங்களில் கிடைத்தது. மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு பாட்டு மட்டும். கதையோடு ஒட்டாமல் அந்தக் காட்சியை எடுத்து வைத்ததால், இனப் பாகுபாடு மிகுந்திருந்த அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்களில் அதை வெட்டிவிட்டுப் படத்தை ஓட்ட முடிந்தது.

அண்ணி: பால்கனி என்றால் என் முட்டி தாங்காது.

பெரியப்பா: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓர் அமெரிக்க ராணுவ முகாமில், ஜெர்மன் போர்க்கைதிகளை முன்வரிசையிலும் கறுப்பினச் சிப்பாய்களை அவர்களுக்குப் பின்னாலும் உட்கார வைத்திருந்ததைக் கண்டு, மேடையிலிருந்து இறங்கிப் போய், கைதிகளுக்கு முதுகைக் காட்டி நின்று சிப்பாய்களுக்குப் பாடினார். 1981இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் தொடங்கிய அவருடைய தனி நிகழ்ச்சி 333 முறை நடந்து, 1982 ஜூன் 30 அன்று, அவருடைய 65ஆம் பிறந்தநாளில்தான் நிறைவடைந்தது. 2010இல் காலமானார். கறுப்பினப் பெண் ஒருவரின் பெயர் பிராட்வே அரங்கு ஒன்றுக்குச் சூட்டப்பட்டது 2022இல்தான். அதுவே முதல் முறை.

அத்தை: 65 வயதிலும் குரல் நின்றதா அண்ணா?

பெரியப்பா: நின்றது.

அத்தை: அப்படியானால் அவர் பாட்டை யாராவது அனுப்புங்கள். நீங்கள் வேண்டாம் அண்ணா, விளக்கத்தோடு அனுப்புவீர்கள்.

தம்பி: டிக்கெட் ஐந்தா, ஆறா?

சித்தி: அவரைக் கேட்டு நாளை சொல்கிறேன்.

அண்ணி: பால்கனியா, கீழ்த்தளமா?