பிறக்கும்போதே கை இழுபட்ட பிள்ளைகள்: நட்டஈடு கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கோண்டாவில் அம்மா:
மகள் 4 கிலோ தாண்டின பிள்ளை. தலை வந்து தோள் இறுகிவிட்டது, பிறகு நடந்தது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வலது கை எர்ப்ஸ் பால்சி, அதாவது தோள் நரம்பு இழுபட்டுக் கை தூக்க முடியாமல் போவது. பிரசவ அறையைக்கூட மறந்துவிட்டேன். அடுத்த நாள் வார்டில் டாக்டர் பிள்ளையின் தலையை லேசாகத் தாழவிட்டுப் பார்த்தார், இடது கை விரிந்தது, வலது கை உள்ளங்கை பின்னால் திரும்பினபடி அப்படியே கிடந்தது. அவர் நர்ஸ் மிஸ்ஸைப் பார்த்தார், மிஸ் ஜன்னலைப் பார்த்தா. எனக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த துண்டில் சாதாரண பிரசவம் என்று மட்டும்தான்.

ராஜி, சுன்னாகம்:
எதற்கெடுத்தாலும் வழக்கா தங்கச்சி? தோள் சிக்கினால் அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடம், அதற்குள் எடுக்காவிட்டால் பிள்ளைக்கு மூச்சே இல்லை. என் மகனுக்கும் இதே கதைதான். பிசியோதெரபி செய்தோம், ஒருநாள் அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடியை அந்தக் கையாலேயே பிடுங்கி எறிந்தான், வீடே அழுதது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேறிவிடும்.

நல்லூரான்:
ராஜி அக்கா, தேறாத பிள்ளையும் உண்டே. என் சொந்த அக்காவின் பெடியனுக்கு மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவில்லை, அப்போதே நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போயிருக்க வேண்டும். சரி, அதை விடுங்கள். தங்கச்சி, முதலில் பீ.எச்.டி. (BHT, வார்டில் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று எழுதிவைக்கும் தாள்) பிரதியை எழுத்தில் கேளுங்கள், அரச ஆஸ்பத்திரி என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். தோள் சிக்கினபோது தாயின் கால்களை மடக்கிப் பிடித்தார்களா, தலையைப் பிடித்து இழுத்தார்களா என்பதுதான் வழக்கே, அதை அந்தத் தாள்தான் சொல்லும். நட்டஈட்டுக்கு இரண்டு வருடக் கெடு. பிள்ளை மைனர் என்பதால் அவளுடைய உரிமைக்குச் சட்டம் இடம் விடுகிறது, நீங்கள் செலவழித்த காசுக்கு அப்படி இல்லை. அரசுக்கு எதிராக என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். மருத்துவ சபைக்கு எழுதினால் ஒழுக்காற்று விசாரணைதான், காசு வராது. குழந்தை மருத்துவர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான நட்டஈட்டு வழக்கையும் யோசியுங்கள்: மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் கொடுத்தது, மேன்முறையீட்டில் இரண்டரை லட்சம், 2001இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றுமில்லை. கவனக்குறைவைக் காட்டினால் போதாது, அதனால்தான் இந்தக் கேடு வந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். இன்னொரு டாக்டர் வந்து சாட்சி சொல்ல வேண்டும், இந்தச் சின்ன ஊரில் யார் வருவார்?

பரியாரி பேரன்:
எங்களிடம் ஒரு எண்ணெய் இருக்கிறது, காலையில் உருவினால்

கோண்டாவில் அம்மா:
எண்ணெய் வேண்டாம் தம்பி. ராஜி அக்கா, உங்கள் மகன் கண்ணாடியைப் பிடுங்கினான், சந்தோஷம். என் மகள் பள்ளிக்கூடச் சட்டைக்கு இன்னும் நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். நல்லூரான் அண்ணை, பீ.எச்.டி. கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளைக்குப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை போகிறேன்.