இளநீரைப் பிடுங்கின அன்னைக்கு

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சு நாலு வருஷமாச்சு, மதுரைல இருக்கோம், வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஊசி மருந்து அலைச்சல் எல்லாம் பழகிருச்சு. பழகாதது தண்ணிதான். யூரின் ரொம்பக் குறைஞ்சு போச்சு, குடிக்கிறதெல்லாம் உடம்புலயே தங்கிரும், அதனால ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்னு சொல்லிருக்காங்க, ரசம் காபி எல்லாம் அதுக்குள்ள. காலைலயே பாட்டில்ல அளந்து வெச்சிருவேன். சித்திரை வெயில்ல "ஒரு வாய் குடு தாயி"ன்னு கேக்குற மனுசன்கிட்ட முடியாதுன்னு சொல்றேன், யார் வீட்டுக்கு வந்தாலும் மொதல்ல சொம்புல தண்ணி குடுக்கணும்னு வளந்தவ நான்.

போன மாசம் அவரோட பெரியப்பா மகன் பாக்க வந்தார், பாசமா நாலு இளநீர் சீவி வாங்கிட்டு. நான் அடுப்படில இருந்து வர்றதுக்குள்ள இவர் வாய்கிட்ட கொண்டு போயிட்டார், ஓடிப்போய் பிடுங்கிட்டேன், பாதி தரையில கொட்டிருச்சு. இளநீர்ல பொட்டாசியம் அதிகம், இவர் கிட்னி அதை வெளியேத்தாது, ரத்தத்துல ஏறுனா இதயமே நின்னு போகலாம். காயைக்கூட நிறைய தண்ணில வேகவெச்சு வடிச்சுக் கொட்டிட்டுத்தான் சமைக்கிறேன். இதையெல்லாம் அந்த நேரத்துல சொல்ல வாய் வரல. "கட்டுனவனுக்கு ஒரு வாய் குடுக்க மனசு வரலையேம்மா"ன்னு வந்தவர் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

தினமும் படுக்கப் போறப்ப இவரோட பிஸ்டுலா கையை, அதான் டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ரெண்டு ரத்தக்குழாயை இணைச்சு வெச்ச கையை, தொட்டுப் பாப்பேன், உள்ள ரத்தம் கிர்ருனு ஓடணும், ஓடலைன்னா அடைச்சிருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு நான் கேக்காமலே இவரா கையை நீட்டுனார். வர்ற சொந்தக்காரங்களை நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

---

அக்கா, என் மனைவிக்கு வயித்து வழியா பண்ற டயாலிசிஸ், வயித்துக்குள்ள விடுற மருந்துத் தண்ணி ரெண்டு லிட்டர் பை, தினம் நாலு தடவை, நான்தான் மாத்தி விடுறேன். பை அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்துருது, அது பெரிய உதவி. ஃபேனை நிறுத்தி கதவைச் சாத்தி மாஸ்க் போட்டு பண்ணணும், கிருமி உள்ள போச்சுன்னா வெளிய வர்ற தண்ணி கலங்கிரும், ஒரு தடவை அப்படி ஆகி ஆஸ்பத்திரில கிடந்தா. அதுல இருந்து யார் கோவிச்சாலும் உள்ள தாழ்ப்பாள் போட்டுருவேன். பிடுங்குனது சரிதான்க்கா.

---

எங்க அப்பாவுக்கும் டயாலிசிஸ்தான், அம்மாதான் எல்லாம். யாராச்சும் வர்றேன்னு போன் பண்ணா நான் முந்திக்குவேன், "ஒண்ணும் வாங்காதீங்க, முடிஞ்சா ஒரு நாள் அப்பாவை டயாலிசிஸ்க்கு கூட்டிட்டுப் போங்க, அம்மா தூங்கட்டும்"னு கேட்டுருவேன். நிறைய பேர் அப்புறம் போனே பண்ணல. ஒரு சித்தப்பா மட்டும் வந்தார், நாலு மணி நேரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தார். இப்பல்லாம் அவர் வந்தா அப்பாவுக்கு எதுவும் கொண்டு வர்றதில்ல, அம்மாவுக்கு சூடா டிபன் வாங்கிட்டு வர்றார்.