பர்ன் டெக்ல பிளட் மூன் போடலாமா? போட்டா எத்தனை?

மண்டபம்_மவுண்டன்:
மேஜிக் தி கேதரிங் கார்டு ஆட்டம், மாடர்ன் ஃபார்மட். சிவப்பு-வெள்ளை பர்ன் (ஸ்பெல்லால நேரா எதிராளியோட லைஃபை எரிக்கிற டெக்), 60 கார்டு. லேண்ட் (மானா, அதாவது கார்டு போடுற செலவைத் தர்ற கார்டு) 20: அரிட் மேசா 4, சேக்ரட் ஃபவுண்ட்ரி 4, இன்ஸ்பயரிங் வேன்டேஜ் 4, சன்பேக்ட் கேன்யன் 2, மவுண்டன் 5, பிளெயின்ஸ் 1. வெள்ளை மானா கேட்கிறது லைட்னிங் ஹீலிக்ஸ் 4, போரோஸ் சார்ம் 4 மட்டும்தான். மத்ததெல்லாம் சிவப்பு.

ராம்நாட் சனிக்கிழமை டேபிள்ல எதிர்ல உட்கார்றது நாலு டெக்: ட்ரான் (மூணு ஊர்ஸா லேண்டைச் சேர்த்து நிறைய மானா எடுக்கிற டெக்), எஸ்பர் (வெள்ளை-நீலம்-கறுப்பு) கண்ட்ரோல், தனிச் சிவப்பு கோப்ளின், பச்சை எல்ஃப். முதல் ரெண்டுகிட்டயும் அடி வாங்கியே சாகுது. பிளட் மூன் (மவுண்டன், பிளெயின்ஸ் மாதிரி பேசிக் லேண்ட் தவிர மத்த லேண்ட் எல்லாத்தையும் வெறும் மவுண்டன் ஆக்குற கார்டு) 4 மெயின் டெக்லயே போட்டுறலாமான்னு யோசனை. எதை வெளிய எடுக்கலாம்? சொல்லுங்கண்ணே.

கீழக்கரைக் காக்கா:
தம்பி, மெயின்ல வேணாம். காரணம் நீ எழுதினதுலயே இருக்கு. கோப்ளினும் எல்ஃபும் பேசிக் லேண்ட்ல ஓடுற டெக். அவங்களுக்கு மூன் விழுந்தா என்ன, விழாட்டி என்ன? நாலு பேர்ல ரெண்டு பேருக்கு எதிரா அது வெத்துக் கார்டு.

அடுத்து விலை. மூணு மானா. மூணாவது டர்ன்ல அதே மூணு மானாவுக்கு ஒரு லைட்னிங் போல்ட்டும் ஒரு போரோஸ் சார்மும் போனா 7 டேமேஜ். எதிராளியோட 20 லைஃப்ல மூணுல ஒரு பங்குக்கு மேல. மூன் போட்ட டர்ன்ல அந்த ஏழும் போச்சு. அந்த நஷ்டத்தை ஈடுகட்டணும்னா எதிராளிக்கு ரெண்டு டர்னாவது முழுசா முடங்கணும். எஸ்பர், ட்ரான் ரெண்டுக்கும் அது நடக்கும். மத்தவங்களுக்கு நடக்காது.

இன்னொண்ணு, 20 லேண்ட் டெக்ல முதல்ல ஆடுறப்போ மூணாவது டர்னுக்குள்ள 9 கார்டு பார்ப்ப. அதுல மூணு லேண்டாவது வர்ற வாய்ப்பு 64% தான், மல்லிகன் (பிடிக்காத முதல் கையை மாத்துறது) கணக்கு இல்லாம. 22 லேண்டுன்னா 72%. பர்ன்ல 22 லேண்ட் வச்சா கடைசில லேண்டா உருவிக்கிட்டு உட்கார்ந்திருப்ப.

அதனால சைட்போர்டு (முதல் ஆட்டம் முடிஞ்சப்புறம் மாத்திக்கிற உபரிக் கார்டு), அதுவும் 3க்கு மேல வேணாம். 4 வச்சா மூணாவது டர்னுக்குள்ள ஒண்ணாவது வர்றது 49%, ஆனா ரெண்டா வந்து கையில கிடக்கிறது 10%. 3 வச்சா 39%க்கு 6%. ரெண்டாவது மூன் முதல் மூன் உடையாத வரைக்கும் சும்மா காகிதம்.

பாம்பன்_தூக்குப்பாலம்:
காக்கா சொன்னதுக்கு மேல ஒரு விஷயம். மூன் உன் லேண்டையும்தான் அடிக்கும். ஃபவுண்ட்ரி, வேன்டேஜ், கேன்யன், மேசா எல்லாமே வெறும் மவுண்டன் ஆயிடும். ஹீலிக்ஸும் சார்மும் மொத்தம் 8, அத்தனையும் கையில முழிக்கும். வெள்ளை வர ஒரே வழி பேசிக் பிளெயின்ஸ். இப்போ மேசா (உடைச்சா டெக்லேருந்து மவுண்டன், பிளெயின்ஸ், ஃபவுண்ட்ரில ஒண்ணைத் தேடி எடுக்கலாம்) 4 + பிளெயின்ஸ் 1, அஞ்சு கார்டு. 9 கார்டுக்குள்ள அதுல ஒண்ணு வர்றது 57%. பிளெயின்ஸை ரெண்டாக்கினா 64%. தவிர ஒத்தைப் பிளெயின்ஸ் கைக்கே வந்துட்டா மேசாவுல தேட வேற பேசிக் பிளெயின்ஸ் மிச்சம் இருக்காது.

எடுக்கிற வரிசை முக்கியம். மூன் கையில இருக்கிற ஆட்டத்துல மேசாவை உடைக்கிறப்போ ஃபவுண்ட்ரி எடுக்காதே, மவுண்டனும் எடுக்காதே, பிளெயின்ஸ் எடு. மீதி லேண்ட் எப்படியும் மவுண்டன் ஆகப்போகுது. முதல் டர்ன் வேன்டேஜ், ரெண்டாவது மேசாவை உடைச்சு பிளெயின்ஸ், மூணாவது எந்த லேண்ட் இருந்தாலும் மூன். மூன் இறங்குறதுக்கு முன்னாடி கையில மேசா மிச்சம் வைக்காதே. மூன் வந்தப்புறம் அதுக்குத் தேடுற சக்தியே கிடையாது.

பலர் கவனிக்காத சின்ன லாபம்: மூன் இருக்கும்போது ஃபவுண்ட்ரி போட்டா 2 லைஃப் கட்டாமலே அன்டேப்டா (உடனே மானா தர்ற நிலைல) வரும், ஏன்னா டேப் ஆகி வர்ற விதியையும் சேர்த்தே அது இழந்துடுது. கேன்யனும் லைஃப் கேட்காது. கார்டு எடுக்கிற வேலையும் செய்யாதுங்கிறது தனி.

எஸ்பர்கிட்ட நேரம் பார்த்துப் போடு. நீ மூன் போட்டதும் அது ஸ்டாக்ல (இன்னும் பலிக்காம காத்திருக்கிற நிலைல) இருக்கிறப்பவே அவர் ஃபெட்ச் லேண்டை (மேசா மாதிரி தேடுற லேண்டை) உடைச்சு பேசிக் எடுத்துக்கலாம். ஃபெட்ச் எல்லாம் தீர்ந்து, மேசைல மூணு கலர் லேண்டா கிடக்கிற நேரம்தான் அறுவடை. நாலே பேர் டேபிள்ங்கிறதால ரெண்டாவது வாரமே எல்லாருக்கும் தெரிஞ்சுடும், அவர் பேசிக்கா எடுத்து ஆட ஆரம்பிச்சுடுவார். அதுவும் நல்லதுதான். மூனே வராத ஆட்டத்துலயும் அவர் மெதுவாவார்.

தொண்டி_ஒத்தக்கலர்:
ட்ரானுக்கு மட்டும்னா டேம்பிங் ஸ்பியர் பாருங்க பங்காளி. ரெண்டு மானா, உங்க கலரைத் தொடாது. ஊர்ஸா லேண்ட் மூணும் சேர்ந்து 7 மானா தர்ற வேலையை அது லேண்டுக்கு ஒண்ணாக் குறைச்சுடும். குறை என்னன்னா, ஒரே டர்ன்ல ரெண்டாவது ஸ்பெல் போட்டா ஒரு மானா கூடுதல், அது பர்னையும் கடிக்கும். நீங்க ரெண்டாவதா ஆடுறப்போ ட்ரான்காரர் மூணாவது டர்ன்லயே ஏழு மானாவுக்கு கார்ன்ங்கிற பெரிய கார்டை இறக்கிட்டா மூன் அதுக்கப்புறம்தான் வரும். ஸ்பியர் ஒரு டர்ன் முன்னாடி வந்துடும்.

மேகஸ் ஆஃப் தி மூனையும் மறக்காதீங்க. அதே மூணு மானா, அதே வேலை, 2/2 உடம்பு (அடி 2, தாங்குறது 2) உள்ள கிரியேச்சர் வேற, அடிக்கும். ட்ரானுக்கு எதிரா எனக்கு அதுதான் பிடிக்கும். எஸ்பர்கிட்ட ஒரு பாத் டு எக்ஸைல்ல (கிரியேச்சரை நீக்குற ஸ்பெல்) போயிடும், அங்க மூனே மேல். பச்சைக் கைகள்ல போசெய்ஜுங்கிற லேண்ட் இருந்தா கவனம்: அதைக் கையிலிருந்தே வீசி (சேனல்) மூனை உடைக்கலாம், மூன் தடுக்காது. பச்சை மானாவுக்கு பேசிக் ஃபாரஸ்ட் ஒண்ணு கிடந்தா போதும், உங்க மூன் காலி.

கீழக்கரைக் காக்கா:
ஸ்பியர் யோசனை சரிதான். எஸ்பருக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணாது, அதனால ரெண்டையும் கலந்து வை.

வாங்குறதுக்கு முன்னாடி 63 × 88 மில்லிமீட்டர் அளவுல ஜெராக்ஸ் எடுத்து, ஸ்லீவ்ல ஒரு பழைய பேசிக் லேண்டுக்கு முன்னாடி சொருகி ஆடிப் பாரு. ட்ரானோட 10, எஸ்பரோட 10. ஜெயிச்சோமா தோத்தோமான்னு மட்டும் குறிக்காதே. மூன் கைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் "இதுக்குப் பதில் போல்ட் இருந்திருந்தா?"ன்னு ஒரு கோடு போடு. பாதிக்கு மேல போல்ட்டே தேவலைன்னா காசை மிச்சம் பிடி.

வாங்கினா ஃபாயில் (பளபளக்கிற கார்டு) வாங்காதே. நம்ம கடக்கரை ஈரத்துல காகிதப் பக்கம் உப்பும், ஃபாயில் பக்கம் உப்பாது, கார்டு வில்லா வளையும். டெக்ல வளைஞ்ச கார்டு இருந்தா கட் பண்றப்போ அங்கேயே பிரியும், அது குறி வச்ச கார்டு மாதிரி. டபுள் ஸ்லீவ் போடு, உள் ஸ்லீவ் வாய் கீழ பார்க்கணும். மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் பை ரெண்டு.

மண்டபம்_மவுண்டன்:
நன்றி காக்கா, எல்லாருக்கும். சைட்போர்டுல மூன் 2, ஸ்பியர் 2. மெயின்ல பிளெயின்ஸ் ஒண்ணு கூட்டிட்டேன். நாலு பேர் சேர்ந்து கமாண்டர் ஃபார்மட் ஆடுற அன்னிக்கும் இதே மூனை அந்த டெக்ல வைக்கலாமா?

பாம்பன்_தூக்குப்பாலம்:
கமாண்டர்ல மூன் மாதிரி எல்லார் லேண்டையும் முடக்குற கார்டு பிராக்கெட் (டெக்கோட பலத்தைப் பிரிக்கிற படி) 1 முதல் 3 வரை எதிர்பார்க்கப்படாத வகை. மேசைல முதல்லயே கேட்டுட்டு வை, இல்லாட்டி அடுத்த வாரம் உன்னைக் கூப்பிட மாட்டாங்க.

பிளெயின்ஸ் கூட்டினதுல டெக் 61 ஆச்சு தம்பி. மவுண்டன் ஒண்ணை எடு.